கல்லுக்கு ஒரு ஏரி

திருவண்ணாமலைக்கு அமைச்சர்கள் சாமி கும்பிடத்தான் வருவார்கள். ஆனால் சாமி கும்பிட வந்தேன் என்று எழுதிக் கொடுத்தால் காருக்குப் பெட்ரோல் போட முடியாது. ஆகவே வந்த இடத்தில் எதையாவது திறந்து வைத்துவிட்டுப் போவார்கள். பாலம் ஒரு திக்கில், பள்ளிக்கூடம் ஒரு திக்கில், ஆழ்குழாய்க் கிணறு ஒரு திக்கில் கிடக்கும்போது எல்லாவற்றுக்கும் வெயிலில் அலைய முடியுமா? அதற்கென்று ஒரு நல்ல ஏற்பாடு இருந்தது. பெயர் வெட்டிய கற்களையெல்லாம் ஒரே மேடையில் வரிசையாக நிறுத்தித் திரை போட்டுவிடுவார்கள். அமைச்சர் ஒரு முனையிலிருந்து கயிற்றை இழுத்துக்கொண்டே மறுமுனைக்குப் போவார். ஜனங்கள் கை தட்டுவார்கள். கடைசிக் கயிற்றை இழுத்து முடிக்கவும் கோயிலில் தீபாராதனைக்கு மணி அடிக்கவும் சரியாக இருக்கும்.

விழா முடிந்த பிறகு பாலத்தின் கல்லைப் பாலத்துக்கும் பள்ளிக்கூடத்தின் கல்லைப் பள்ளிக்கூடத்துக்கும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்ப் பதிப்பார்கள். அமுதசாகரம் ஏரியும் அப்படி மேடையில் திறக்கப்பட்டதுதான். அதன் கல் மட்டும் எங்கேயும் போகவில்லை. ஊரை அடுத்த வேங்கிக்கால் ஓரத்தில் வாடகைக் கட்டடத்தில் நடந்துவந்த நீர்வளச் சிறப்பு மேம்பாட்டு அலுவலகத்தின் சைக்கிள் கொட்டகையில் சுவரோடு சாய்ந்து நின்றது. ஏரிக்கான பணம் ஒழுங்காகச் செலவாகிவிட்டது. ஏரி வெட்டுவதுதான் பாக்கி. அந்த வேலையை யார் செய்வது என்று பேச்சு எழும்போதெல்லாம் யாராவது ஒருவருக்கு மாற்றல் வந்துவிடும்.

கல் அங்கே நின்றதில் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. சிப்பந்திகள் அதன்மேல் சாப்பாட்டு அடுக்கை வைத்துக்கொண்டார்கள். ஆண்டறிக்கையில் மட்டும் வருஷத்துக்கு ஒரு வரி எழுத வேண்டியிருந்தது. 'கடும் வறட்சியிலும் அமுதசாகரம் ஏரியின் நீர்மட்டம் குறையவில்லை' என்று எழுதினார்கள். இல்லாத ஏரியில் மட்டம் எப்படிக் குறையும்? அந்த அளவில் அது உண்மைதான்.

அந்த ஒரு வரி டெல்லி வரைக்கும் போய்விட்டது. எண்பத்து மூன்றாம் வருஷம், ஊரெல்லாம் குடத்தோடு தெருவில் நின்ற கோடையில், மேலிடத்திலிருந்து தகவல் வந்தது. கிழக்கு ஆப்பிரிக்காவில் ஒரு நாடு. எந்த நாடு என்று நான் சொல்லப்போவதில்லை. அந்த நாட்டு ஜனங்களும் நம்மைப் போலக் குடத்தோடு நின்றவர்கள்தான், அவர்களை எதற்கு வம்புக்கு இழுக்க வேண்டும்? அந்த நாட்டு நீர்வள அமைச்சர் ஒரு குழுவோடு இந்தியாவைச் சுற்றிப் பார்க்கிறார். வறட்சியிலும் வற்றாத ஏரியை அவர் நேரில் பார்க்க வேண்டுமாம்.

இனி தருமன். செங்கம் ரோட்டில் ஆசிரமங்களைத் தாண்டி, மலை முழுசாகத் தெரிகிற இடத்தில் அவனுக்கு அப்பன் விட்டுப்போன ஒரு கொல்லை, ஒரு துண்டுப் புன்செய் நிலம், இருந்தது. அதில் ஒரு கிணறு, அந்தக் கிணற்றை நம்பி மல்லாட்டை, அதாவது நிலக்கடலை. சுற்றுவட்டாரத்தில் எல்லாம் காய்ந்து கிடக்க, அவனும் அவன் பெண்சாதி சரசுவும் கிணற்றடியில் ஊறுகிற தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக இறைத்து அந்தச் செடியைக் காப்பாற்றி வைத்திருந்தார்கள். காய் பிடித்துவிட்டது. இன்னும் கொஞ்ச நாள் ஈரம் காட்டினால் பிடுங்கிவிடலாம். வீட்டில் அடுத்த போகம் வரைக்கும் அடுப்பு எரிய வேண்டுமென்றால் அந்த மல்லாட்டை வீடு வந்து சேர வேண்டும். அவனுக்கு வேறு ஒன்றும் கிடையாது.

அவன் செய்த ஒரே தப்பு, கிணற்றைத் தூர் எடுத்து ஆழப்படுத்த உதவி கேட்டு அந்த அலுவலகத்துக்குப் போனது. மனுவை வாங்கி வைத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டார்கள். கிணற்றுக்கு ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் ஆபீசில் பெயர் தெரிந்த ஒரே விவசாயி அவன் என்று ஆகிவிட்டது.

ஒரு நாள் காலையில் ஜீப் வந்து நின்றது. ஓவர்சீயர் மூர்த்தி இறங்கினார். கூட வந்த ஆட்கள் டேப்பைப் பிடித்துக்கொண்டு கொல்லையை நீளத்திலும் அகலத்திலும் அளந்தார்கள். மூர்த்தி மலையைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார், பள்ளமாக இருந்த நிலத்தைப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"கெணத்துக்குங்களா சார்?" என்று தருமன் கேட்டான்.

"கெணறு என்னய்யா கெணறு. அதைவிடப் பெருசா வருது உனக்கு."

தருமனுக்குத் தலைகால் புரியவில்லை. நாலு செடியைப் பிடுங்கி, மண்ணை உதறி, பச்சை மல்லாட்டையை ஒரு துண்டில் கட்டி ஜீப்பில் வைத்தான். சாயந்திரம் லாரியில் ஆட்கள் வந்து நாலு பக்கமும் மண்ணை வெட்டிக் கரை போட ஆரம்பித்தபோதுதான் அவனுக்கு லேசாகச் சந்தேகம் தட்டியது. கரை வேலிபோல இருக்கும் என்று நினைத்தான். அது ஆள் உயரத்துக்கு ஏறியது. வெட்டிய இடத்திலிருந்த செடியெல்லாம் வேரும் காயுமாகக் கரையோரத்தில் குவிந்து கிடந்தது. அப்புறம் சைக்கிள் கொட்டகையிலிருந்து அந்தக் கல் வந்து இறங்கியது. தருமனுக்குப் படிப்பு கம்மி. எழுத்துக்கூட்டிப் படித்தான். படித்து முடித்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு வேங்கிக்காலுக்கு மிதித்தான்.

அலுவலகத்தின் தலைவருக்குத் தனி அலுவலர் என்று பதவிப்பெயர். சிவப்பிரகாசம் என்பது அவர் பெயர். நெற்றி நிறைய விபூதியும், பேசும்போது மூடிக்கொள்கிற கண்ணும், எதிரில் இருப்பவருக்காக உருகுகிற குரலும் உள்ளவர். தருமனை நிற்க வைக்கவில்லை, உட்காரச் சொன்னார். அப்படி உட்காரச் சொல்லப்பட்டவர்கள் யாரும் உருப்படியாக எழுந்து போனதில்லை என்பது அவனுக்குத் தெரியாது.

"சார், என் கொல்லையில ஏரின்னு கல்லு நட்டுட்டாங்க சார். அது ஏரி இல்லீங்க. மல்லாட்ட போட்டுகீறேன்."

"பாருப்பா தருமா, நான் நியாயமாப் பேசறேன். அந்தக் கல்லுல அமைச்சர் பேர் இருக்கு. கல்லு பொய்னு சொன்னா அமைச்சர் பொய் சொன்னார்னு ஆயிடும். உன் கொல்லை பொய்னு சொன்னா யாருக்கும் ஒண்ணும் ஆகாது. இதுல எது சுலபம்னு நீயே சொல்லு."

"கொல்லை எப்படி சார் பொய்யாவும்? அங்கதான கீது?"

"இப்ப இருக்கு. அதைத்தான் சரி பண்றோம்." சிவப்பிரகாசம் கண்ணை மூடிக்கொண்டார். "கல்லுல ஒரு எழுத்தை மாத்தணும்னாக்கூட நான் கோட்டைக்கு எழுதிக் கேக்கணும். அவங்க காரணம் கேப்பாங்க. மண்ணை மாத்தறதுக்கு யாரையும் கேக்க வேணாம். முப்பது வருஷ சர்வீஸ்ல நான் கத்துக்கிட்டது இதுதான்."

"எனக்கு நஷ்டமாவுதே சார்."

"நஷ்டம்னு சொல்லாத. நீ தேசத்துக்காகத் தியாகம் பண்றே. தியாகத்துக்கு நஷ்டஈடு குடுத்தா அது தியாகம் இல்லாம வியாபாரம் ஆயிடும். உன்னை அப்படிக் கேவலப்படுத்த எனக்கு மனசு வரலை."

தருமன் வெளியே வந்து சைக்கிள் பக்கத்தில் வெகுநேரம் நின்றான். தன்னைக் கேவலப்படுத்தாமல் விட்டதற்காக நன்றி சொல்லியிருக்க வேண்டுமோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது. அப்புறம் கொல்லை ஞாபகம் வந்தது. ஏறி மிதித்தான். அன்றிலிருந்து அவனுக்கு ஒரு இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. கொல்லையில் நின்றால் ஆபீசில் ஏதோ நடக்கிறது என்று தோன்றும். ஆபீசில் நின்றால் கொல்லையில் ஏதோ நடக்கிறது என்று தோன்றும். இரண்டு இடத்திலும் நடக்கத்தான் செய்தது.

தண்ணீர் வந்தது. வறட்சி நிவாரணத்துக்காகத் தெருத்தெருவாகப் போய்க்கொண்டிருந்த அலுவலகத்தின் தண்ணீர் லாரிகள் எல்லாம் செங்கம் ரோட்டில் திரும்பின. லாரி வருகிறது என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்த பெண்கள், லாரி நிற்காமல் போவதைப் பார்த்துத் திகைத்து நின்றார்கள்.

"எங்கய்யா எட்துக்கினு போற?" என்று ஒருத்தி கேட்டாள்.

"ஏரிக்கு" என்றான் டிரைவர்.

ஏரியிலிருந்து தண்ணீர் எடுத்துத்தான் அவர்களுக்குப் பழக்கம். எதிர்த்திசையில் போனால் என்ன சொல்வது என்று தெரியாமல் வழிவிட்டார்கள்.

சரசு அதற்குள் ஒரு காரியம் செய்தாள். காய் முற்றாவிட்டாலும் கிடைத்தவரை கிடைக்கட்டும் என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு செடியைப் பிடுங்க இறங்கிவிட்டாள். காவலுக்குப் போட்டிருந்த ஆள் விசிலை ஊதிக்கொண்டு ஓடி வந்தான்.

"யம்மா, ஏரிக்குள்ள வெளையற செடியைப் பறிக்கக் கூடாது. ஆர்டர்."

"நான் நட்டதுய்யா இது. தோ பாரு, இந்தக் கையாலதான் வெதச்சேன்."

"ஏரியில யாரு உன்னை வெதைக்கச் சொன்னது? அது தனி கேஸ்" என்றான் அவன். நல்லவன்தான். அவன் வீட்டுக்கும் லாரித் தண்ணீர் வரவில்லை.

முதல் நாள் ஊற்றிய தண்ணீரைச் செம்மண் ஒரு பொழுதில் குடித்துவிட்டது. இரண்டாம் நாளும் குடித்தது. சிவப்பிரகாசம் நேரில் வந்து, செருப்பைக் கழற்றிவிட்டுக் கரைமேல் ஏறி நின்று நிலத்தைப் பார்த்தார். அந்த நிலம் தனக்குக் கீழே வேலை பார்ப்பதுபோலவும், லீவு சொல்லாமல் நின்றுவிட்டதுபோலவும் இருந்தது அவர் பார்வை.

"இந்த மண்ணுக்குப் பொறுப்பே இல்லை மூர்த்தி."

"ஆமா சார். ஜாஸ்தி உறிஞ்சுது."

"உறிஞ்சட்டும். அது உறிஞ்சறதைவிட வேகமா ஊத்துங்க. அரசாங்கத்துக்கு எதிரா ஒரு மண்ணு எவ்வளவு நாள் தாங்கும் பாத்துடலாம்."

அதற்கப்புறம் லாரிகள் ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு வந்தன. ஊரில் குழந்தைகளுக்குக் குளியல் நின்றது, ஓட்டல்களில் இலையோடு தண்ணீர் வைப்பது நின்றது. கடைசியில் மண் தோற்றது. தருமனின் கொல்லையில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்று, அதில் மலை தலைகீழாகத் தெரிந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. அதனால்தான் தருமனுக்கு இன்னும் எரிச்சலாக வந்தது.

ஏரி என்றால் ஜீவன் வேண்டும் அல்லவா? ஆரணிப் பக்கத்திலிருந்து வாத்து மேய்ப்பவர்களைக் கூட்டி வந்தார்கள். வாத்துகள் இறங்கிய வேகத்தில் மல்லாட்டைச் செடியைக் கிளற ஆரம்பித்துவிட்டன. வெகு சந்தோஷமாக இருந்தன. அந்தத் திட்டத்தில் நேரடியாகப் பலன் அடைந்தவை அவைதான். டிரம்மில் கொண்டுவந்து விட்ட மீன்கள் மட்டும் சூட்டில் வயிற்றைக் காட்டி மிதந்தன. அதனால் ஒரு பெரிய மீனைத் தனியாகத் தொட்டியில் வைத்து, வலையோடு ஒரு ஆளை இறக்கி, விருந்தாளிகள் பார்க்கும்போதெல்லாம் அந்த மீனையே பிடிக்கச் சொல்லிவைத்தார்கள்.

மிச்சம் இருந்தது ஒரு பயனாளி. ஏரியால் வாழ்வு பெற்ற விவசாயி ஒருவன் விருந்தினர் முன் பேச வேண்டும். அலுவலகத்துக்குத் தெரிந்த விவசாயி யார் என்று உங்களுக்குத் தெரியும்.

"நான் பேச மாட்டேன் சார்" என்றான் தருமன். வாழ்க்கையில் முதன்முதலாக ஒரு அதிகாரியிடம் மாட்டேன் என்று சொன்னான்.

சிவப்பிரகாசம் கோபித்துக்கொள்ளவில்லை. அவன் தோளில் கை வைத்தார். "அவங்க போன மறுநாள் கரையை வெட்டித் தண்ணியை வெளிய விட்டுடறேன். கல்லை எடுத்துடறேன். உன் கெணறும் ஆழமாகும். என் வாயால சொல்றேன். நீ ஒரே ஒரு வார்த்தை சொன்னாப் போதும். இந்த ஏரி வந்ததால என் வாழ்க்கையே மாறிடுச்சு. இதுல பொய் ஏதாவது இருக்கா?"

தருமன் யோசித்துப் பார்த்தான். ஒரு பொய்யும் இல்லை. அதுதான் கொடுமை.

ஒத்திகை நடந்தது. அலுவலக சூப்பரிண்டெண்ட் ஆப்பிரிக்க அமைச்சராக நின்றார். தருமன் தன் வார்த்தையைச் சொன்னான். "இன்னும் கொஞ்சம் உருக்கமா" என்றார் சூப்பரிண்டெண்ட். மிதக்கிற செடியைப் பார்த்துக்கொண்டே இன்னொரு தடவை சொன்னான். இந்தத் தடவை குரல் தானாக உடைந்தது. எல்லோரும் கை தட்டினார்கள்.

குழு வருகிற அன்று பஸ் ஸ்டாண்டு பக்கம் தையல் கடை வைத்திருந்த ஜானி பாஷாவையும் கூட்டி வந்திருந்தார்கள். அவர் வாலிபத்தில் மாமாவோடு கிழக்கு ஆப்பிரிக்கத் துறைமுகம் ஒன்றில் தையல் வேலை பார்த்தவர். அங்கே நிலைமை சரியில்லாமல் ஊர் திரும்பிவிட்டார். அந்தப் பக்கத்துப் பாஷை அவருக்கு நன்றாக வரும். விருந்தாளிகளை அவர்கள் பாஷையிலேயே வரவேற்க வேண்டும் என்பது சிவப்பிரகாசத்தின் யோசனை. பாஷா வெள்ளை ஜிப்பா போட்டுக்கொண்டு வந்து தருமன் பக்கத்தில் நின்றார். அவனுக்கு அவரைத் தெரியும். கலியாணச் சட்டை அவரிடம்தான் தைத்தான்.

"என்னா தருமா, உன் கொல்லை எங்க?"

"தோ, தண்ணிக்கு அடியில கீது பாய்."

பாஷா தண்ணீரைப் பார்த்தார். "அந்த ஊரு கவர்மெண்டும் நம்ம ஊரு கவர்மெண்டும் ஒரே பீஸ் துணியில வெட்டின சட்டை தம்பி. பட்டன் மட்டும்தான் வேற" என்றார்.

கார்கள் வந்தன. நல்ல உயரமும் சபாரி சூட்டுமாக அமைச்சர் இறங்கினார். கூடவே செயலாளரும் சில அதிகாரிகளும், ஒரு இளம்பெண்ணும். அவள் அவர்களுடைய துறையில் இன்ஜினியராம். மாலை, சந்தனம், நாதஸ்வரம் எல்லாம் முடிந்து அமைச்சர் கரைமேல் ஏறினார். வலைக்காரன் மீனைப் பிடித்தான். அமைச்சர் மறுபக்கம் திரும்பினார். வலைக்காரன் மறுபடி பிடித்தான். அமைச்சர் கரையைக் காலால் தட்டிப் பார்த்தார், புது மண் பொலபொலவென்று உதிர்ந்தது. ரோட்டில் காய்ந்துகொண்டிருந்த டயர்த் தடங்களையும் பார்த்தார். செயலாளரின் காதில் தங்கள் பாஷையில் ஏதோ சொன்னார். செயலாளர் அதைக் கேட்டு மெய்மறந்து தலையாட்டினார்.

"இன்னா சொல்றாரு பாய்?" தருமன் பாஷாவிடம் கேட்டான். கண்டுபிடித்துவிட்டார், இனி ஒரு வழி பிறக்கும் என்று நினைத்தான்.

பாஷா குரலைத் தாழ்த்தினார். "நம்ம நாட்டுல நாம வெறும் போர்டுதான் வெச்சோம், இவங்க தண்ணியே ஊத்தி வெச்சிருக்காங்க. இதைத்தான் நம்ம ஆளுங்க கத்துக்கணும்னு சொல்றாரு."

பிறகு பந்தலில் அமைச்சர் இங்கிலீஷில் பேசினார். சூப்பரிண்டெண்ட் தமிழில் சொன்னார்.

"எங்கள் நாட்டில் இயற்கை வளம் எதையும் நாங்கள் வீணாக்குவதில்லை. மக்கள் கையில் கொடுத்தால் செலவாகிவிடும் என்பதால் அரசாங்கமே வைத்துக்கொள்கிறது. எங்கள் பெரிய ஏரியில் பிடிக்கிற மீன் எல்லாம் வெளிநாட்டுக்குப் போகிறது. ஆனால் எங்கள் மக்களை நாங்கள் மறக்கவில்லை. அந்த மீனின் படம் போட்டுத் தபால்தலை வெளியிட்டிருக்கிறோம். எங்களைக் குறை சொல்கிறவர்கள், அணைக்கு வந்த பணம் எங்கே என்று கேட்கிறார்கள். அணை எங்கே என்று கேட்க அவர்களுக்குத் தோன்றுவதில்லை. அதிலிருந்தே அவர்களுக்கு நீர்வளத்தில் அக்கறை இல்லை என்று தெரிகிறது."

கைத்தட்டல் அடங்கியதும் சிவப்பிரகாசம் எழுந்தார். தாமும் இளைத்தவர் இல்லை என்று காட்ட வேண்டும்.

"மேதகு அமைச்சர் அவர்களே, இங்கேயும் அப்படித்தான். தண்ணீர் பொதுச் சொத்து. பொதுச் சொத்தைப் பொதுமக்கள் தொடக்கூடாது என்பதில் நாங்கள் கண்டிப்பாக இருக்கிறோம். இந்த ஏரியில் இதுவரை ஒருவர்கூட ஒரு குடம் மொண்டதில்லை என்பதை நான் பெருமையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் வெகு அன்பாகப் பார்த்துக்கொண்டார்கள். உறவுக்காரர்கள் ரொம்ப நாள் கழித்துச் சந்தித்தால் அப்படித்தான் பார்த்துக்கொள்வார்கள்.

தருமனை மைக் முன்னால் தள்ளினார்கள். பந்தலுக்கு வெளியே சரசு நின்றாள். அவனைப் பார்க்காமல் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். கரையை வெட்டிவிடுகிறேன் என்று சொன்ன வாயை நினைத்துக்கொண்டான்.

"இந்த ஏரி வந்ததால" என்றான், "என் வாழ்க்கையே மாறிட்ச்சிங்க." அதற்குமேல் முடியவில்லை. துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். அமைச்சரே எழுந்து வந்து அவனைக் கட்டிக்கொண்டார். போட்டோ எடுத்தார்கள்.

எல்லோரும் இளநீர் குடிக்கப் போனபோது அந்த இன்ஜினியர் பெண் மட்டும் தண்ணீர் ஓரத்தில் குனிந்தாள். மிதந்து வந்த ஒரு செடியை வேரோடு எடுத்தாள்.

"ஏரிப்பாசி மேடம். அபூர்வமான வகை" என்று மூர்த்தி இங்கிலீஷில் முந்திக்கொண்டார்.

அவள் பாசியிலிருந்து ஒரு காயைப் பறித்து, ஓட்டை நகத்தால் உடைத்து, பருப்பை வாயில் போட்டு மென்றாள். "கரங்கா" என்றாள். அவர்கள் பாஷையில் மல்லாட்டைக்கு அதுதான் பெயராம். மூர்த்தி இளநீர் கொண்டுவருவதாகச் சொல்லி நழுவினார். அவள் சுற்றிப் பார்த்தாள், ஈரத் துண்டோடு நின்ற தருமனைப் பார்த்தாள். கிட்டே வந்து பாஷாவிடம் மெதுவாகப் பேசினாள். பேசும்போது அவள் கண் தருமனை விட்டு நகரவில்லை.

பாஷா தருமன் பக்கம் திரும்பினார். "இந்தப் பொண்ணு ஊர்ல, இவங்க குடும்பத்து நெலத்துலயும் அணை கட்டியாச்சுன்னு போர்டு இருக்குதாம். அந்த அணை மேல இவங்க மாமா இன்னும் சோளம் போட்டுத் தின்னுக்கினு இருக்காராம். பாக்கறதுக்கு ஆள் வராத வரைக்கும் யாருக்கும் கெடுதல் இல்லையாம்."

"அப்புறம்?"

"இங்க நாங்க பாக்க வந்துட்டோம். மன்னிச்சுக்கச் சொல்லுங்கன்றா."

அவ்வளவு நாளில் தருமனிடம் அந்த வார்த்தையைச் சொன்னது அவள் ஒருத்திதான். கையைக் கூப்பினான். அவளும் கூப்பினாள். கார் ஹாரன் அடித்தது. அவள் மிச்சக் காயைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் விடியும்போதே தருமன் ஆபீஸ் வாசலில் இருந்தான். சிவப்பிரகாசம் பாராட்டுத் தந்திகளுக்கு நடுவில் இருந்தார். அமைச்சர் தன் நாட்டிலிருந்து ஆட்களைப் பயிற்சிக்கு அனுப்பப்போகிறாராம்.

"சார், கரையை வெட்டி வுட்றேன்னீங்களே."

"வெட்டி விடறதா? இந்த வறட்சியில ஏரித் தண்ணியை வெளிய விடறதா? உனக்கு மனசாட்சி இருக்கா?" அவர் நிஜமாகவே அதிர்ந்துபோனார். முந்தின வாரம் சொன்னது அவருக்கு ஞாபகமே இல்லை. அவர் பொய் சொல்லவில்லை, பாவம்.

கரையை யாரும் வெட்ட வேண்டியிருக்கவில்லை. லாரி நின்றதும் மண் தன் வேலையைச் செய்தது. சில நாளில் தண்ணீர் இறங்கிவிட்டது. அடியிலிருந்த மல்லாட்டை பாதி அழுகி, பாதி ஓட்டுக்குள்ளேயே முளைவிட்டிருந்தது. நாற்றம் ரோடு வரைக்கும் அடித்தது. சரசு ஒரு கை அள்ளி மோந்து பார்த்துவிட்டுக் கீழே போட்டாள். மாட்டுக்குக்கூட ஆகாது என்றாள்.

சரி, போனது போகட்டும், நிலமாவது இருக்கிறதே, உழுது போடலாம் என்று தருமன் ஏரைப் பூட்டினான். ரெண்டு சால்கூட ஓட்டியிருக்கமாட்டான், மூர்த்தி ஜீப்பில் வந்துவிட்டார். நீர்ப்பிடிப்புப் பகுதியில் உழுவது குற்றம், மாட்டைப் பிடித்துக்கொண்டு போக வேண்டிவரும் என்றார். தருமன் மறுபடியும் வேங்கிக்காலுக்கு மிதித்தான். தன் பேரில் இருக்கிற பட்டாவையும் எடுத்துக்கொண்டு போனான். சிவப்பிரகாசம் அதைக் கையில்கூட வாங்கவில்லை.

"இந்தக் காகிதம் என்ன சொன்னா என்னப்பா? ரெண்டு நாட்டு அரசாங்கத்துக்கு முன்னால, மைக்ல, அழுது அழுது நீயே சொன்னே, இந்த ஏரின்னு. போட்டோகூட இருக்கு. அப்ப ஏரி, இப்ப கொல்லையா? ஒரு வாய்க்கு ஒரு வார்த்தை வேணாமா?"

கடைசித் தடவையாக அவர் அவனை உட்காரச் சொன்னார். அவன் உட்காரவில்லை.

வறண்டுபோன ஏரி என்றால் அதற்கும் அரசாங்கத்தில் வழி இருக்கிறது. தூர் வார வேண்டும். அமுதசாகரம் ஏரியை ஆழப்படுத்தும் இரண்டாம் கட்டத் திட்டம் மளமளவென்று அனுமதியாகி வந்தது. வறட்சியில் வேலையில்லாத ஜனங்களுக்குக் கூலியும் கோதுமையும் கொடுத்து வெட்டச் சொன்னார்கள். மேல் மண் நல்ல செம்மண் என்பதால் அதை வாங்கிக்கொண்டு போகச் செங்கல் சூளைக்காரர்கள் லாரியோடு காத்து நின்றார்கள். அது யாருக்குப் போன காசு என்பதை நான் விசாரிக்கவில்லை.

வீட்டில் பானை காலி. "போய்ப் பேரு குட்து வா" என்றாள் சரசு. "எவன் கொல்லையானா இன்னா, வவுறு கேக்குதா?" சொல்லிவிட்டு அடுப்பங்கரைக்குப் போய்த் திரும்பி நின்றுகொண்டாள். அவளுடைய முதுகு குலுங்கியது.

தருமன் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போனான். வரிசையில் அவனுக்கு விட்ட இடம், போன போகத்தில் அவன் கடைசியாக விதைத்த மூலை. எல்லோரும் ஓங்கி ஓங்கி வெட்டினார்கள். அவனுக்குக் கை வரவில்லை. மேல் மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவி, வரப்போரமாக ஒதுக்கினான். அழுகிய வேர் வந்தால் குனிந்து எடுத்துத் தனியே போட்டான். ஒரு கூடை நிரம்ப மற்றவர்களைவிட ரெண்டு மடங்கு நேரம் ஆயிற்று.

திட்டத்து மேஸ்திரி புதுசு. வேலூர்ப் பக்கத்து ஆள். குடையைப் பிடித்துக்கொண்டு கரையிலிருந்து அவனையே கொஞ்ச நேரம் கவனித்தார். அப்புறம் இறங்கி வந்தார்.

"யோவ், இன்னாய்யா இது? தடவிக் குட்துக்கினு இருக்க? உங்கப்பன் வூட்டு சொத்தா இது?"

தருமன் நிமிர்ந்தான். "ஆமாங்க" என்றான்.

வரிசையில் இருந்தவர்கள் வெட்டுவதை நிறுத்திவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்கள். மேஸ்திரி சுற்றுமுற்றும் பார்த்தார். எதிர்த்துப் பேசுகிற ஆளை முதல் நாளே அடக்காவிட்டால் வேலை நடக்காது என்று அவருக்கு அனுபவம் உண்டு. அன்றைக்கு அவனுக்கு அரைக்கூலி போட்டார்.